இரண்டு மூட்டைத் தூசி

பெஞ்சின் மேல் முக்காலி. முக்காலியின் மேல் குழந்தைவேலு. கூரைக்குக் கீழே ஓடிய உத்தரத்தின் மேல்பக்கத்தில் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எட்டி எட்டி இழுத்தார். பிறகு விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"மோசம் போனோம்டி!" என்றார்.

"என்னங்க, கரையானா?" என்று கீழேயிருந்து பதறினாள் அவர் மனைவி மருதம்மாள்.

"தூசி இல்லடி! ஒரு சிட்டிகை தூசி இல்ல!"

"எப்படி இருக்கும்? காலையிலதான தொடச்சேன்," என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

வீடு சுத்தமாக இருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்ட புருஷனைக் குருண் ஊரில் அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் கஷ்டம் அவருக்கு. நாளைக் காலை பத்து மணிக்குத் தூசியைப் பார்ப்பதற்கென்றே சர்க்கார் அதிகாரி வருகிறார்.

விஷயம் இதுதான். கல்மலைக்குக் கீழே வரிசையாகப் பதினோரு பலகை வீடுகள். ஒரு கம்பெனி அந்த மலையை வெடி வைத்துப் பிளந்து, மிஷினில் போட்டு நொறுக்கி, ரோடு போட ஜல்லி ஆக்கிக்கொண்டிருந்தது. ஜல்லி லாரி ஏறிப் போய்விடும். தூசிக்கு லாரி கிடையாது. அது காற்றில் கிளம்பி நேராகப் பதினோரு வீட்டுக்கும் விருந்தாட வந்துவிடும்.

போன மாதம் ஒலிபெருக்கி கட்டிய வேன் வந்தது. மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய இந்த நாலு வருடத்தில் அந்த வேன் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஊரடங்கு என்னும், அரிசி மாவு எதையும் பெர்மிட் இல்லாமல் கொண்டுபோகாதே என்னும், காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுத்தால் தொலைந்தாய் என்னும். அன்றைக்கு மட்டும், கல் தூசியால் பாதிக்கப்பட்ட வீடுகளைச் சர்க்காரே வாங்கிக்கொள்ளும் என்று சொன்னது. ஒரே நிபந்தனை, அதிகாரி வந்து பார்க்கும்போது வீட்டில் தூசி இருக்க வேண்டும்.

மற்ற பத்து வீட்டுக்காரர்களுக்கும் கவலையில்லை. பாப்பம்மா வீட்டு அலமாரியில் அவள் பேரன் விரலாலேயே உயிரெழுத்துப் பன்னிரண்டையும் எழுதிப் படித்திருந்தான். அவ்வளவு கனமான தூசி. குழந்தைவேலு வீட்டில்தான் தரையில் முகம் பார்க்கலாம்.

அவருக்கு இந்த வீட்டை விற்றே ஆக வேண்டும். மருதம்மாளுக்கு இரண்டு வருடமாக இருமல். "இன்னும் ஒரு வருசம் இந்தத் தூசியில இருந்தா அப்புறம் என் மருந்து கேக்காது, எடத்த மாத்துங்க," என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மகள் பிரேமாவதி யான் என்கிற ஊரில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு காலியாக இருக்கிறது. வாசலைத் திறந்தால் நெல்வயல், பின்னால் போனால் கடல் காற்று. இங்கே விற்றால்தான் அங்கே போக முடியும். கல்மலைக்குக் கீழே இருக்கிற வீட்டைச் சர்க்காரைத் தவிர எந்தக் கிறுக்கன் வாங்குவான்?

இது மருதம்மாளுக்கும் தெரியும். ஆனால் அவள் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். மாதம் ஒரு நாள் தோட்டத்துத் துரை பிரம்பைச் சுழற்றிக்கொண்டு லயத்தைப் பார்வையிட வருவார். மூலையில் ஒட்டடை தெரிந்தால் அபராதம். அதிகாரி வருகிறார் என்று காதில் விழுந்தாலே விளக்குமாறு அவள் கையில் வந்து உட்கார்ந்துவிடும்.

"இந்தா பாரு, நாளைக்குப் பத்து மணி வரைக்கும் நீ வெளக்குமாத்தத் தொடக்கூடாது. மாரியாத்தா மேல சத்தியம் பண்ணு."

"சரி, சத்தியம். வெளக்குமாத்தத் தொட மாட்டேன்."

மருதம்மாள் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றுகிறவள். அதில் குழந்தைவேலுவுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி கேட்டில் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் கிளம்பினாள். அவர் நடுங்கிப்போனார். அவர் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிறவர். போலீஸ்காரன் ஒரு தரம் முறைத்தால் பிழைப்பு போய்விடும். "காலம் கெட்டுக் கெடக்கு. கேட்டுக்காரன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணு," என்று அன்றைக்கும் சத்தியம் வாங்கினார். அன்றிலிருந்து அவள் கம்பெனியைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அரை மணி கழித்து அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து பார்த்தால் அம்மணி முட்டி போட்டு ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! சத்தியம் என்னாச்சு?"

"வெளக்குமாத்தத் தொட்டனா? இது துணிங்க."

குழந்தைவேலு துணியைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டார். விளக்குமாற்றைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளித்தார். வாளியைப் பாப்பம்மா வீட்டில் கொடுத்தார். வீட்டில் இருந்த சன்னல் நாலையும் விரியத் திறந்துவைத்து, "வாடா வாடா" என்று கல்மலையைப் பார்த்துக் காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெடிமருந்து ஏற்றிவரும் லாரிக்குப் போலீஸ் காவல் கிடைக்காததால் திங்கள்கிழமையிலிருந்து மிஷினே ஓடவில்லை. இரண்டு வருடமாகக் கூப்பிடாமல் வந்த தூசி, வேண்டும் என்றபோது லீவு போட்டுவிட்டது.

"வரலைன்னா நாமதான் போய்க் கூட்டியாரணும் லா," என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

முச்சந்தியில் மஜீத் பாயின் ரொட்டிக்கடை. அங்கே போய் இரண்டு காலி மூட்டைப்பை கேட்டார்.

"பை எதுக்கு வேலண்ணே?"

"செடிக்கு மண்ணு அள்ள, பாய்."

மஜீத் பாய் கோதுமை மாவு வந்த இரண்டு வெள்ளைப் பைகளைக் கொடுத்தார். இரண்டிலும் அவர் கடை முத்திரை நீல மையில் பளிச்சென்று இருந்தது.

கம்பெனி கேட்டுக்கு வெளியே, வேலியை ஒட்டி, பணியாரச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு பெரிய தூசிக் குவியல். காவல்காரன் இருளப்பன் நாற்காலியில் சாய்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தான். குழந்தைவேலு கையால் அள்ளிப் பார்த்தார். அடடா, என்ன தூசி! கல் இல்லை, கட்டி இல்லை, சலித்து வைத்த மாதிரி இருந்தது. ஒன்றிரண்டு ஈர்க்குச்சி மட்டும் கிடந்தது. கம்பெனிக்காரன் வேலை சுத்தம்தான் என்று மெச்சிக்கொண்டே இரண்டு பையையும் நிரப்பினார். கடைசிக் கையில் ஒரு கறுப்புப் பட்டன் வேறு அகப்பட்டது. நாலு ஓட்டைப் பட்டன். தைப்பூசத்திலிருந்து அவர் சட்டையில் அதே மாதிரி ஒன்று இல்லை. நேரம் நல்லாயிருக்கு என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

குறுக்குப் பாதையில் போனால் வீடு நாலு நிமிஷம். ஆனால் பதினோரு வீட்டின் முன்னாலும் தூசி மூட்டையோடு போனால் பாப்பம்மா சும்மா இருப்பாளா? ஆகவே யாருக்கும் தெரியாமல் போகலாம் என்று பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார். பெரிய ரோட்டில், முச்சந்தியில், மஜீத் பாய் கடைக்கு எதிரே போலீஸ் தடுப்பு இருந்தது.

"நில்லு!" என்றார் சார்ஜன் ஹாஷிம். தோட்டத்துப் பக்கம் வளர்ந்த மலாய்க்காரர். சாதாரணமாகத் தமிழ் வரும், கோபம் வந்தால் மலாய் வரும். "மூட்டையில என்ன?"

"தூசிங்க துவான்."

சார்ஜன் பையின் முத்திரையைப் பார்த்தார். கட்டை அவிழ்த்தார். வெள்ளையாக, மெத்தென்று, மாவாக இருந்தது.

"தெப்போங்!" என்று கத்தினார். மலாய் வந்துவிட்டது. மாவாம். இரண்டு துப்பாக்கி நிமிர்ந்தது.

"மாவு இல்லீங்க துவான்! தூசி! சத்தியமா தூசி!"

"வீட்டிலருந்து தூசிய வெளிய கொண்டுபோற ஆளப் பாத்திருக்கேன். மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோற ஆள இப்பதான் பாக்குறேன். எதுக்கு?"

உண்மையைச் சொன்னால் சர்க்காரை ஏமாற்றிய கேஸ். சொல்லாவிட்டால் காட்டுக்காரர்களுக்கு மாவு கடத்திய கேஸ். குழந்தைவேலு வாயில் வந்ததைச் சொன்னார்.

"கருவேப்பிலைச் செடிக்குங்க."

"கருவேப்பிலை கல்லு தின்னுமா? யாரோட பை இது? மஜீத்! இங்க வா!"

மஜீத் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். தன் கடை முத்திரையையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். வியர்த்துவிட்டது.

"அண்ணே, செடிக்கு மண்ணுன்னுதான சொன்னீங்க? என் கடைக்குச் சீல் வச்சிருவாங்க அண்ணே!"

"பாய், நீங்களே சொல்லுங்க, இது மாவா?"

"சொன்னா பத்தாது," என்றார் சார்ஜன். "செஞ்சு காட்டு."

சாலையோரத்திலேயே மேஜை போட்டார்கள். லாரிக்காரர்கள் இறங்கி வேடிக்கை பார்க்க நின்றார்கள். மஜீத் பாய் தூசியில் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, நெய் தடவிப் பிசைந்தார். உருட்டினார். வீசுவதற்காக இரண்டு கையாலும் தூக்கினார். அது நடுவில் பிய்ந்து, பாதி அவர் காலிலும் பாதி சார்ஜன் பூட்ஸிலும் விழுந்தது.

"யா அல்லா! இருபத்தெட்டு வருசமா ரொட்டி வீசுறேன். என் கைக்கு இப்படி ஒரு மானக்கேடு வந்ததில்ல," என்று சொல்லும்போதே மஜீத் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

சார்ஜனுக்கு இன்னும் திருப்தி இல்லை. மிச்சத்தை ரொட்டிக்கல்லில் போட்டுச் சுடச் சொன்னார். சுட்டதைக் குழந்தைவேலுவிடம் நீட்டினார். "தின்னு."

குழந்தைவேலு தின்றார். கடவாயில் கறக் முறக் என்று கேட்ட சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற லாரிக்காரர்களுக்குக் கேட்டது.

"குழம்பு வேணுமா அண்ணே?" என்று மஜீத் பாய் கரிசனமாகக் கேட்டார்.

சார்ஜன் சிரித்துவிட்டார். தமிழ் திரும்பி வந்தது. "சரி, தூசிதான்." குழந்தைவேலுவுக்குப் போன உயிர் வந்தது. சார்ஜன் ஒரு தாளை எடுத்து, 'மாவு அல்ல, கல்மலைத் தூசி, இரண்டு மூட்டை' என்று எழுதி, மஜீத் பாயைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். "ஆனா கல்மலை வெடிமருந்து இருக்கிற எடம். அங்கேருந்து என்ன வெளிய வந்தாலும் பெர்மிட் வேணும். மூட்டை உன்கிட்டயே இருக்கட்டும், நாளைக்கு வாச்மேனக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறேன்."

"நாளைக்கு எத்தன மணிக்குங்க துவான்?"

"பத்து மணிக்கு."

வந்த உயிர் மறுபடியும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது, மருதம்மாள் மூங்கில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தாள். கூடை காலி.

"எங்க போய்ட்டு வர்ற?"

"பாசாருக்கு, காய் வாங்க."

"கூடையில ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் நல்லா இல்ல," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்க பல்லுல என்ன வெள்ளையா?"

"ரொட்டி தின்னேன். இந்தா, இந்தப் பட்டனச் சட்டையில தச்சு வை."

மறுநாள் காலை எட்டு மணிக்கு, அதிகாரிக்குக் காப்பியோடு பலகாரம் வேண்டும் என்று சொல்லி மருதம்மாளைக் கடைக்கு அனுப்பினார். கதவைச் சாத்தினார். மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு நாற்காலி, மேஜை, சன்னல் கம்பி, தலையணை எல்லாவற்றின் மேலும் சலித்தார். முருகன் படத்துக்கு முன்னால் நின்று, "மன்னிச்சுக்க அப்பனே, யானுக்குப் போனதும் பாலால அபிஷேகம் பண்றேன்," என்று கும்பிட்டுவிட்டு மயிலின் மேல் மட்டும் கொஞ்சம் தூவினார். அடுப்படியில் படுத்திருந்த கறுப்புப் பூனை வெள்ளைப் பூனையாக எழுந்து ஓடியது. ஒரு மூட்டைதான் செலவானது. இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வீடு கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. அவருக்கே இருமல் வந்தது.

அதிகாரி பரஞ்சோதி பத்து மணிக்கு வரவேண்டியவர், ஒன்பதரைக்கே வந்துவிட்டார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, கையில் மடித்த கறுப்புக் கைக்குட்டை. கைக்குட்டைதான் அவர் கருவி. ஐந்து இடத்தில் தேய்ப்பார். வெள்ளை பட்டால் கையெழுத்து, படாவிட்டால் இல்லை.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றிய அதே நேரத்தில் மருதம்மாள் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். வீட்டைப் பார்த்தாள். அதிகாரி கதவில் நிற்பதையும் பார்த்தாள்.

"ஐயய்யோ!" என்று முந்தானையை உருவினாள்.

"உக்காருங்க சார்," என்று குழந்தைவேலு தூசி மூடிய நாற்காலியைப் பெருமையோடு காட்டினார். திரும்பிப் பார்ப்பதற்குள் நாற்காலி பளபளத்தது. அதிகாரி கைக்குட்டையைத் தேய்த்தார். கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

"மேஜையப் பாருங்க சார்!" அதற்குள் முந்தானை மேஜையைத் தாண்டிவிட்டது. கறுப்பு.

"சன்னல் கம்பி சார்!" மருதம்மாள் அதிகாரிக்கு முன்னால் ஓடினாள். கம்பியையும் வழித்துவிட்டு, "வாங்க சார், காப்பி குடிக்கிறீங்களா?" என்று சிரித்தாள். குழந்தைவேலு கையால் ஜாடை காட்டினார். கண்ணால் கெஞ்சினார். வீட்டுக்கு வந்த அதிகாரியின் முன்னால் மருதம்மாளின் கையை நிறுத்த முருகனாலும் முடியாது. மயிலும் துடைபட்டது.

"நாலு எடமும் சுத்தம்," என்றார் பரஞ்சோதி. "இந்த வரிசையிலயே சுத்தமான வீடு உங்க வீடுதாம்மா."

"ரொம்ப சந்தோசங்க," என்றாள் மருதம்மாள். சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கட்டிலுக்கு அடியில பாக்கலையே சார்!" என்று அலறிக்கொண்டே குழந்தைவேலு கட்டிலுக்குக் கீழே பாய்ந்தார். மூட்டையை இழுத்தார். கட்டில் கால் ஆணியில் பை மாட்டியது. இன்னும் பலமாக இழுத்தார். பை கீழிருந்து மேல்வரை கிழிந்தது.

வீடு காணாமல் போனது. அதிகாரியின் தும்மல் மட்டும் எண்ணி ஒன்பது தரம் கேட்டது. புகை அடங்கியபோது, அதிகாரி தலையிலிருந்து கால்வரை ஒரே நிறத்தில் நின்றார். வாசலில் சார்ஜன் ஹாஷிமும், அவருக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி இருளப்பனும் நின்றார்கள்.

"இதோ, ரெண்டு மூட்டைன்னு நான் எழுதினது சரியாப் போச்சு," என்று சார்ஜன் தாளை நீட்டினார்.

பரஞ்சோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். காது சிவந்தது, அது ஒன்றுதான் சிவப்பாகத் தெரிந்தது.

"குழந்தைவேலு! தூசிய வெளியிலருந்து மூட்டையில கொண்டாந்து போட்டு சர்க்காரையே ஏமாத்தப் பாத்தியா? இது காத்துல பறந்து இந்த வீட்டுக்குள்ள வந்த தூசியா இருந்தா, இந்த நிமிசமே கையெழுத்துப் போடுவேன். கம்பெனி எடத்துலருந்து திருடிக் கொண்டாந்ததா இருந்தா, சார்ஜன், இவர இப்பவே கூட்டிக்கிட்டுப் போகலாம்."

குழந்தைவேலு தரையில் உட்கார்ந்துவிட்டார். "கூட்டிக்கிட்டுப் போங்க சார். நான்தான் கொண்டாந்தேன். ஆனா சார், அவ இருமல் நான் கொண்டாந்தது இல்ல. அவ சுத்தமா வச்சிருக்காங்கிறதுக்காக இந்த வீட்டுல தூசியே இல்லைன்னு ஆயிடுமா? எனக்கு ஜெயிலு கொடுங்க. அவள மட்டும் யானுக்கு அனுப்பிருங்க."

மருதம்மாளுக்கு அழுகையும் இருமலும் ஒன்றாக வந்தது. குனிந்து குனிந்து இருமினாள். பரஞ்சோதி கைக்குட்டையைச் சும்மா மடித்து மடித்துப் பிரித்தார். சட்டம் சட்டம்தானே. கடைசியில் காவல்காரனைப் பார்த்தார்.

"ஏம்பா, நீ சொல்லு. கேட்டுக்கிட்ட இருக்கிற குவியல்லருந்து அள்ளினதுதான இது? கம்பெனித் தூசிதான?"

இருளப்பன் குனிந்து ஒரு கை அள்ளினான். விரலிடுக்கில் விட்டுப் பார்த்தான். ஈர்க்குச்சி ஒன்றை எடுத்து முகர்ந்தான். தலையைச் சொறிந்தான். மருதம்மாளைப் பார்த்தான். அவள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்தக் குவியல்ல அள்ளினதுதாங்க சார், ஆனா அது கம்பெனியோடது இல்லீங்க, ரெண்டு வருசமா தெனம் காலையில இந்த அக்காதான் இந்த வீட்டக் கூட்டி, கூடை கூடையாக் கொண்டாந்து, ஒரு வார்த்தை பேசாம எங்க கேட்டுல கொட்டிட்டுப் போறாங்க!"